டீச்சரைக் கேளுங்கள்: பார்க்கிறதுக்கு எத்தனை வார்த்தை?

இந்த மாதம் வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: பிள்ளைக்கு ஆங்கில வினைச்சொல் நிறையத் தெரிகிறது, எதை எங்கே போடுவது என்றுதான் தெரியவில்லை. நம் மலேசியாவில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள். தேர்வு போனதே தவிர இந்தக் குழப்பம் போகவில்லை. அதனால் இந்தத் தடவை முழுப் பக்கமும் இதற்குத்தான். பிள்ளையின் கையெழுத்தைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

என் மகன் இரண்டாம் ஆண்டு. படத்தைப் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னதற்கு, 'தி பாய் இஸ் சீயிங் தி டீவி', 'தி கேர்ள் இஸ் லுக்கிங் எ பேர்ட்' என்று எழுதி வந்திருக்கிறான். லுக், சீ, வாட்ச் மூன்றுக்கும் 'பார்' என்றுதான் நான் சொல்லிக் கொடுத்தேன். வேறு எப்படிச் சொல்வது? நானே 2003-இல் ஒன்றாம் ஆண்டு சேர்ந்து, கணக்கையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் படித்தவள். எனக்கே இது தடுமாறுகிறது டீச்சர்.
— ஒரு தாய், சுங்கை சிப்புட்

'பார்' என்று சொல்லிக் கொடுத்தது சரிதான் அம்மா. ஆனால் வீட்டில் நாம் 'பார்' ஒன்றை வைத்தா பேசுகிறோம்? "அந்தப் பெட்டியப் பாரு" என்கிறோம். "ஆந்தை தெரியுதா?" என்று கேட்கிறோம். "தெரியலையா, பாத்துக்கிட்டே இரு, வரும்" என்கிறோம். முதலாவது லுக், இரண்டாவது சீ, மூன்றாவது வாட்ச். உங்கள் மகன் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே இந்த மூன்றையும் பிரித்துப் பேசியவன். அவனிடம் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் திணிக்கப் பார்க்கிறோம், அதுதான் சிக்கல்.

ஆந்தையைச் சும்மா சொல்லவில்லை. செம்பனை, அதாவது பாமாயில் மரத் தோட்டங்களில் எலி குலையைக் கடித்து நாசம் பண்ணும். அதற்காகவே கம்பம் நட்டு, மேலே பெட்டி வைத்து, கூகையைக் குடியேற்றியிருக்கிறார்கள். தோட்டத்துச் சாலையோரம் அப்படி ஒரு பெட்டி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை ஏழேகால் வாக்கில் பையனை அழைத்துப் போங்கள். சாலையிலேயே நில்லுங்கள், மரத்தடிக்குள் இறங்க வேண்டாம். எலி இருக்கிற இடத்தில் பாம்பும் இருக்கும்.

பெட்டியை விரலால் சுட்டிக் காட்டி "லுக் அட் தி பாக்ஸ்" என்று சொல்லுங்கள். அவன் தலையைத் தூக்குவான். "கேன் யூ சீ தி அவ்ல்?" என்று கேளுங்கள். இருட்டு ஓட்டை மட்டும்தான் தெரியும். "நோ" என்பான். "சரி, வாட்ச் தி பாக்ஸ்." இப்போது இரண்டு பேரும் சும்மா நில்லுங்கள். கொசு கடிக்கும், அவன் நெளிவான், வீட்டுக்குப் போகலாம் என்பான். இன்னும் கொஞ்சம் பொறுங்கள். திடீரென்று அந்த ஓட்டையில் வெள்ளையாக ஒரு முகம் வந்து உட்காரும். அவன் உங்கள் கையைப் பிடித்து இழுத்துக் கத்துவது தமிழில் இருந்தாலும் பரவாயில்லை: "ம்மா, தெரியுது!" அந்த நொடியில் காதோரம் "ஐ கேன் சீ இட்" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு சீ என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நின்றது நின்றீர்கள், லிஸன், ஹியர் இரண்டையும் அங்கேயே முடித்துவிடலாம். கூகை மற்ற ஆந்தைகளைப் போல அலறாது, கிறீச்சென்று கத்தும். "லிஸன்" என்று சொல்லிக் காதில் கை வையுங்கள். சத்தம் வந்ததும் "டிட் யூ ஹியர் தட்?" என்று கேளுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, உங்களுக்காகச் சொல்கிறேன், பையனிடம் இலக்கணமாக ஒப்பிக்க வேண்டாம். தமிழில் 'நான் பார்க்கிறேன்', 'நான் கேட்கிறேன்' என்று 'நான்' போட்டுச் சொன்னால் அது லுக், லிஸன் பக்கம். 'எனக்குத் தெரியுது', 'எனக்குக் கேக்குது' என்று 'எனக்கு' வந்துவிட்டால் சீ, ஹியர். நாமாகச் செய்தால் நான், தானாக வந்து கண்ணிலும் காதிலும் விழுந்தால் எனக்கு. மலாயிலும் பார்வைக்கு இந்தப் பிரிவு இருக்கிறது: தெங்கோக் என்றால் லுக், நம்பாக் என்றால் சீ. பையன் பள்ளியில் இரண்டையும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

'சீயிங்' ஏன் தப்பு என்பதும் இதிலேயே அடங்கிவிடுகிறது. தானாக விழுவதற்கு ஆங்கிலத்தில் சாதாரணமாக 'இங்' சேராது. 'ஐ கேன் சீ', 'ஐ கேன் ஹியர்' என்று பழக்கிவிடுங்கள். 'ஐ ஆம் சீயிங் தி டாக்டர்' என்று சொல்கிறார்களே என்று யாராவது மடக்கினால், அது டாக்டரைப் போய்க் கலந்துகொள்வது, கண்ணால் பார்ப்பது வேறு என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அப்புறம், எதைப் பார்க்கிறோம் என்று சொல்லும்போது 'லுக்' தனியாக வராது, 'அட்' கூடவே வரும். சுட்டும் விரல்தான் அந்த 'அட்' என்று சொல்லிப் பாருங்கள், சிறிசுகள் சட்டென்று பிடித்துக்கொள்ளும். டீவியில் ஏதாவது நகர்ந்துகொண்டே இருப்பதால் அதற்கு வாட்ச். சுவரில் மாட்டிய தாத்தா படத்துக்கு லுக் அட். 'பாப்பாவைப் பார்த்துக்கோ' என்றால் லுக் ஆஃப்டர், அதையும் போகிற போக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

2003 செட்டுக்கு ஒரு வார்த்தை. அறிவியல் பாடத்தில் பச்சைப்பயறு முளைக்கிறதா என்று தினமும் 'அப்சர்வ்' பண்ணச் சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதுவும் வாட்ச்தான், கையில் நோட்டுப் புத்தகத்தோடு.

*

நான் சாலாக்கில் வீட்டோடு டியூஷன் நடத்துகிறேன். முதலாம் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை பிள்ளைகள். வினைச்சொல் படங்கள் போட்ட பெரிய சார்ட் வாங்கி மாட்டியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார்கள், ஆனால் 'புட் ஆன்', 'வேர்' போன்றவற்றை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். எந்த சார்ட் நல்லது என்று சொல்லுங்கள்.
— டியூஷன் ஆசிரியை

எந்த சார்ட்டும் வேண்டாம் தங்கச்சி. ஒரு பையன் சட்டையோடு நிற்கிற படத்தை வைத்து, அவன் இப்போதுதான் மாட்டுகிறானா, காலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வினை நடக்கிற விஷயம். அசையாத படத்தில் அதன் பாதி காணாமல் போய்விடும். சார்ட்டைக் கழற்றச் சொல்லவில்லை, சுவரில் பூசணம் பூத்த இடத்தை மறைக்க உதவும்.

நீங்கள் கேட்ட ஜோடிக்குத் தமிழில் ஒரு சின்ன வால் இருக்கிறது: 'இரு'. சப்பாத்து போடுகிறான் என்றால் புட் ஆன். சப்பாத்து போட்டிருக்கிறான் என்றால் வேர். இதே வால் இன்னும் சில இடங்களில் நமக்குக் கை கொடுக்கும். புத்தகத்தை மேசையில் வை, அது புட். காசைப் பத்திரமாக வைத்திரு, அது கீப். பந்தைப் பிடி, கேட்ச். விடாமல் பிடித்திரு, ஹோல்ட். கீழே உட்கார், சிட் டௌன். உட்கார்ந்திருக்கிறான், ஹீ இஸ் சிட்டிங். ஒரு நொடியில் முடிகிற காரியம் ஒன்று, அது முடிந்த பிறகு நீடிக்கிற நிலை இன்னொன்று. தமிழ் 'இரு' போட்டுக் காட்டுவதை ஆங்கிலம் பல இடங்களில் வேறு சொல்லே போட்டுக் காட்டுகிறது.

எல்லா வினைக்கும் இந்த வால் செல்லாது. 'ஓடியிருக்கான்' என்றால் ஓடி முடித்த கதை. 'பிடிச்சிருக்கு' என்று எவனாவது சொன்னால் அது லைக், ஹோல்ட் இல்லை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வகுப்பில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், நம் பேராக் மழைக்கு அது எந்த வீட்டிலும் இருக்கும். ஒரு பிள்ளையை முன்னால் கூப்பிட்டு மெதுவாக மாட்டச் சொல்லுங்கள். ஒரு கை நுழைகிறது, இன்னொரு கை நுழைகிறது, பொத்தான் ஏறுகிறது. அது முடிகிற வரைக்கும் மற்றவர்கள் "ஷீ இஸ் புட்டிங் ஆன் எ ரெயின்கோட்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிப் பொத்தான் மாட்டியதும் எல்லோரும் "ஷீ இஸ் வேரிங் எ ரெயின்கோட்" என்று மாற வேண்டும். முந்திச் சொன்னவன் அடுத்து வந்து மாட்ட வேண்டும். பொத்தானை வேண்டுமென்றே மாட்டாமல் இழுத்தடிக்கிற குறும்புக்காரி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள். அவளை முதலில் கூப்பிடுங்கள், விளையாட்டு சூடு பிடிக்கும்.

கீப் பற்றி இன்னொன்று. நம் நாட்டில் "கீப் யுவர் டாய்ஸ்" என்று சொன்னால் எடுத்து உள்ளே வை என்று அர்த்தம். மலாயில் 'சிம்பான்' என்று சொல்லிப் பழகியதால் வந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு அது 'உன் பொம்மைகளை நீயே வைத்துக்கொள்' என்றுதான் காதில் விழும். எழுதும்போது 'புட் அவே' என்று எழுதச் சொல்லுங்கள்.

*

நான் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். மகள் மூன்றாம் ஆண்டு. 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்சில்', 'மை ஃபாதர் செண்ட் மீ டு ஸ்கூல்' என்று எழுதியதற்கு ஆசிரியர் சிவப்பு மையில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறார். நான்தானே தினமும் மோட்டாரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன், இதில் என்ன தப்பு?
— ஒரு தந்தை

கோபம் வேண்டாம் ஐயா, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 'கொண்டுபோய் விடுகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'அனுப்புகிறேன்' என்று நீங்கள் எழுதவில்லை. வேன்காரரோடு ஏற்றிவிட்டு நீங்கள் வீட்டில் நின்றால் அனுப்புவது, அது செண்ட். நீங்களே கூடப் போனால் டேக். மலாயில் 'ஹந்தார்' இரண்டுக்கும் பொது, அங்கிருந்து நம் ஊர் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. மகளிடம் 'மை ஃபாதர் டேக்ஸ் மீ டு ஸ்கூல்' என்று எழுதச் சொல்லுங்கள்.

பாரோ, லெண்ட் கதையும் இதே கதைதான். பேச்சு மலாயில் 'பின்ஜாம்' என்ற ஒரே சொல் கொடுப்பதற்கும் ஆகும், வாங்குவதற்கும் ஆகும். தமிழில் அந்தக் குழப்பமே இல்லை: இரவல் வாங்கு, இரவல் கொடு. வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட். பென்சிலை அவள் கையிலும் உங்கள் கையிலும் மாற்றி மாற்றிக் கொடுத்து, யார் எதைச் சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை விளையாடினால் தீர்ந்தது.

பிரிங், டேக் இரண்டுக்கு உங்கள் லோரியை விட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. தோட்டத்தில் நின்று பேசினால் லோரி குலையை ஆலைக்குக் கொண்டு போகிறது, டேக்ஸ். ஆலையின் வாசலில் நின்று பேசினால் அதே லோரி அதே குலையைக் கொண்டு வருகிறது, பிரிங்ஸ். குலையை வெட்டிப் போட்டு ஒரு நாளைத் தாண்டினால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும், ஆலைக்காரர் முகம் கோணும், அது உங்களுக்குத் தெரியாததா. மகளை விடுமுறையில் ஒரு நாள் ஆலை வாசலில் நிற்க வைத்து, "நீ இப்போ எங்க நிக்கிற?" என்று மட்டும் கேளுங்கள். தமிழில் வா, போ என்று எதைச் சொல்கிறாளோ அதே பக்கம் ஆங்கிலமும் விழும். மலாயின் 'பாவா' இதைப் பிரித்துக் காட்டாது. அதனால் இந்த இடத்தில் அவளைத் தமிழில் யோசிக்கச் சொல்லுங்கள்.

ஃபெட்ச் என்றால் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வருவது. பள்ளி விட்டதும் பிள்ளையை அழைத்து வர நாம் அதைத்தான் சொல்கிறோம், அதில் பெரிய தப்பில்லை. 'ஓபன் தி லைட்', 'குளோஸ் தி லைட்' மட்டும் வேண்டாம். டர்ன் ஆன், டர்ன் ஆஃப்.

*

எனக்கு இங்கிலீசு ஒரு எழுத்தும் தெரியாதும்மா. ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவியே காலம் போச்சு. மகனும் மருமகளும் ஈப்போவுக்கு வேலைக்குப் போறாங்க. மூணாம் ஆண்டு படிக்கிற பேத்தி என்கிட்டதான் இருக்கா. நான் அவளுக்கு இதுல என்ன உதவி பண்ண முடியும்? (பேத்திதான் எழுதிக் கொடுத்தாள்.)
— ஒரு பாட்டி

இத்தனை கடிதத்திலும் என்னைத் துள்ள வைத்தது உங்களுடையதுதான் அக்கா. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே வசதி. நீங்கள் தமிழில் சொல்லுங்கள், அவள் ஆங்கிலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

சமையல் மேடைக்கு அவளைக் கூப்பிடுங்கள். 'கட்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டுகிற பிள்ளை அவள், நான் பந்தயம் கட்டுகிறேன். நீங்கள் அப்படியா பேசுவீர்கள்? வெங்காயத்தைப் பொடியாக நறுக்கு, அது சாப். பாகற்காயை மெல்லிசாக அரி, ஸ்லைஸ். தேங்காயைத் துருவு, கிரேட். வாழைப்பழத்தை உரி, பீல். பூண்டை நசுக்கு, கிரஷ். மசாலாவை அரை, கிரைண்ட். சம்பால் பெலாச்சானுக்கு மிளகாயை உரலில் இடி, பவுண்ட். பானையைக் கிண்டு, ஸ்டிர். இட்லி அவி, ஸ்டீம். ஒவ்வொன்றிலும் கையின் அசைவு வேறு. அவள் கை அதைச் செய்துகொண்டிருக்கும்போதே வாயில் சொல் வர வேண்டும். தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டி உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டிக்கு டீச்சராக இருப்பது பிள்ளைகளுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! 'தாளி' என்பதற்கு ஒற்றைச் சொல்லாகத் தேடி அலைய வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அது நம்முடையதாகவே இருக்கட்டும்.

இப்போது 'சீவு'. மாங்காய்த் தோலைச் சீவினால் பீல். பென்சிலைச் சீவினால் ஷார்ப்பன். தலையைச் சீவினால் கோம். மரத்தைச் சீவினால் டேப். இந்த நாலையும் அவளிடம் ஒரே நாளில் கேட்டுப் பாருங்கள். கடைசிச் சொல்லுக்கு மட்டும் நீங்கள்தான் வாத்தியார், நான்கூட இல்லை. மரப்பட்டையை எவ்வளவு மெல்லிசாக எடுக்க வேண்டும், உள்ளே இருக்கிற தோலில் கத்தி பட்டால் மரத்துக்கு என்ன ஆகும், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிற கோடு ஏன், வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏன் போக வேண்டும் என்று கையை வீசிக் காட்டுங்கள். கட் வேறு, டேப் வேறு என்பது அவளுக்கு அப்போதுதான் உறைக்கும்.

அந்த வித்தியாசத்தில்தான் இந்த நாட்டு ரப்பரே நின்றது. பிரேசில் காட்டில் கோடாலியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாகிப் போகும். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் இருந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், பழைய வெட்டிலேயே மெல்லிய பட்டையை மட்டும் திரும்பத் திரும்பச் சீவி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1877-இல் கோலாகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது, உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்வரலாம். பேத்தியைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஹேக், கட், டேப் மூன்றையும் அந்த மரத்தடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் மறக்கவே மாட்டாள். தோளில் மெதுவாகத் தட்டுவதும் டேப்தான், ரயில் நிலையத்தில் கார்டை வைத்து எடுப்பதும் டேப்தான். அதைப் பார்த்து அவளே சிரிப்பாள்.

*

பாலர் பள்ளி நடத்துகிறேன். ஜம்ப், ஹாப், ஸ்கிப் மூன்றையும் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி?

முற்றத்தில் தெங் தெங் கட்டம் போடுங்கள். ஒற்றைக் காலில் நொண்டியடித்தால் ஹாப், இரண்டு காலும் சேர்ந்து விழுந்தால் ஜம்ப். ஸ்கிப்புக்கு ஒரு கயிறு கொடுங்கள். காலில் அடிபட்டு நொண்டுவது லிம்ப், அதை நடித்துக் காட்டச் சொன்னால் ஒரு மணி நேரத்துக்கு வகுப்பு உங்கள் கையில் இருக்காது, அதனால் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

வணக்கம் டீச்சர். நான் ஐந்தாம் ஆண்டு மாணவி. சே, டெல், ஸ்பீக், டாக் எல்லாம் பேசுவதுதானே? நான் 'ஷீ டோல்ட் தட் ஷீ இஸ் சிக்' என்று எழுதினேன், தப்பு என்றார்கள். 'டெல் எ லை' சரியாம், 'சே எ லை' தப்பாம். ஏன்?

வணக்கம் கண்ணு. டெல் என்று எழுதினால் யாரிடம் என்று உடனே சொல்லிவிட வேண்டும்: 'ஷீ டோல்ட் மீ'. நடுவில் 'டு' போடாதே. தமிழில் 'என்கிட்ட சொன்னா' என்று 'கிட்ட' வருவதால் உனக்குக் கை தானாக 'டு' போடப் போகும், பிடித்து நிறுத்து. ஆள் வேண்டாம் என்றால் சே: 'ஷீ செட் ஷீ வாஸ் சிக்'. சொன்னது முடிந்துவிட்டதால் 'இஸ்' அங்கே 'வாஸ்' ஆகிவிடுவதையும் பார்த்துக்கொள். மொழிக்கு ஸ்பீக், 'ஐ ஸ்பீக் தமிழ்'. வேன் வரும் வரைக்கும் தோழியோடு வாயடிப்பது டாக்.

'டெல் எ லை' ஏன் என்று கேட்டாயே, அதற்குக் காரணம் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். கதை, பொய், உண்மை, மணி, நகைச்சுவை, இந்த ஐந்துக்கும் டெல். சாரிக்கும் தேங்க் யூவுக்கும் சே. மனப்பாடம் பண்ணிக்கொள், வேறு வழி இல்லை. நாலு சொல்லையும் வைத்து, சொல்லுக்கு இரண்டு வாக்கியம் எழுதி அடுத்த மாதத்துக்குள் அனுப்பு. அம்மா திருத்திக் கொடுக்க வேண்டாம், நீ எழுதியபடியே வரட்டும்.